பழைய வண்டிக்கு ஏன் காய்ச்சல் அடிக்கிறது?

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டுக் கோயிலைப் பார்க்க, சித்திரை வெயிலில் விழுப்புரத்திலிருந்து ஏழு பேர் கிளம்பினோம். ஏ.சி. போட்ட கொஞ்ச நேரத்தில் எங்கள் பழைய டீசல் எஸ்யூவியின் ஹீட் மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

எரியும் டீசலின் வெப்பத்தில் பாதிகூட வண்டியை ஓட்டப் பயன்படாது. மீதியைப் புகைக்குழாயும் ரேடியேட்டரும்தான் வெளியேற்ற வேண்டும். நாமோ கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாக ஒட்டுமே, அதே சுண்ணாம்புப் படிவம் ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது. உலோகம்போல அது வெப்பத்தைக் கடத்தாது.

ரேடியேட்டர் மூடியை யாரும் கவனிப்பதில்லை. குக்கர் மூடியைப் போல அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் அதற்கும் மேலே தாங்குகிறது. சூட்டோடு திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும்; அந்த நொடியே தண்ணீர் கொதித்து முகத்தில் பீய்ச்சும். தயவுசெய்து ஆறும்வரை பொறுங்கள்.

புகையையும் பாருங்கள். நீலமென்றால் ஆயில் எரிகிறது. கறுப்பென்றால் பெரும்பாலும் ஏர் ஃபில்டரில் அடைப்பு, அல்லது இன்ஜெக்டர் கோளாறு. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

எங்கள் வண்டியில், மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. குழாய்களுக்குள் விரல் நகத்தால் சுரண்டினால் உதிரும் சுண்ணாம்பு.