மூக்குக்கண்ணாடி தின்ற பாஸ்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தங்கை புதிதாக வாங்கிய குளோஸ்டு-பேக் ஹெட்போனில் தங்கைக்கு பாஸ் அதிர்கிறதாம். அதையே வாங்கி மாட்டினால் இவருக்குச் சத்தம் சன்னமாக, உயிரில்லாமல் கேட்கிறதாம். அதே போன், அதே பாட்டு, அதே வால்யூம். கோளாறு காதிலா, ஹெட்போனிலா? தனக்கென்று ஒன்று வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது? கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: கண்ணாடி போட்டிருப்பதால் அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்க ஆரம்பித்துவிடுகிறது என்று.

கோளாறு காதிலும் இல்லை, ஹெட்போனிலும் இல்லை. அவருடைய மூக்குக்கண்ணாடியின் காம்பு, காதைச் சுற்றி உட்காரும் குஷனைத் தலையிலிருந்து கொஞ்சம் தூக்கிவிடுகிறது. காம்புக்கு மேலும் கீழும் மெல்லிய இடைவெளி விழுகிறது. பாஸ் முழுக்க அதன் வழியாக வெளியே போய்விடுகிறது. பாஸ் மட்டும் ஏன் போகிறது, பாடுகிறவரின் குரல் ஏன் போகவில்லை என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பாஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கும் மேல். ஹெட்போன் கிண்ணத்தின் உட்புறமோ சில சென்டிமீட்டர்தான். அவ்வளவு பெரிய அலை அதற்குள் அடங்காது. உள்ளே நடப்பது வேறு. டிரைவரின், அதாவது ஒலியெழுப்பும் பாகத்தின், சவ்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக முன்னே நகர்கிறது. சிறைப்பட்ட காற்று மொத்தமும் ஒரே சமயத்தில் நெருக்கப்படுகிறது. செவிப்பறை உள்ளே அழுத்தப்படுகிறது. சவ்வு பின்னே போனால் செவிப்பறை வெளியே இழுபடுகிறது. கூடத்தில் வைக்கிற ஸ்பீக்கர் இதே 41 ஹெர்ட்ஸைக் கேட்கச் செய்ய, அகலமான ஊஃபரைக் கொண்டு ஏராளமான காற்றைத் தள்ளியாக வேண்டும். 40 மில்லிமீட்டர் வட்டத் தகடு ஒன்று அதே வேலையைக் காதருகே முடித்துவிடுகிறது என்றால், காற்று தப்பிக்க வழியில்லை என்ற ஒரே காரணத்தால்தான்.

அடுப்பில் இருக்கும் பிரஷர் குக்கரும் இப்படித்தான். காஸ்கெட் ஓரிடத்தில் மடங்கியிருந்தால் விசில் வராது. தீ குறையவில்லை, ஆவியும் குறையவில்லை, அழுத்தம் மட்டும் ஏறவில்லை. விசில் வரட்டும் என்று தீயைக் கூட்டினால் அடிபிடிக்கும். ஹெட்போனில் பாஸ் வரவில்லையே என்று வால்யூமைக் கூட்டுகிறவர்களுக்கும் அதுதான் நடக்கிறது. அங்கே அடிபிடிப்பது ட்ரெபிள். ஜால்ராவும் ‘ஸ’கரமும் காதைக் கீறும், பாஸ் அப்போதும் வராது. பழைய காஸ்கெட் இறுகி வெடிப்பது போலக் குஷனும் இறுகி வெடிக்கிறது. காஸ்கெட்டை மாற்றினால் குக்கர் புதிதாகிவிடுகிறது, குஷனை மாற்றினால் ஹெட்போனும் அப்படியே. ஒரே ஓர் இடத்தில் இந்த ஒப்புமை ஒத்துவரவில்லை: காஸ்கெட் கசிந்தால் எல்லா ஆவியும் போகும், ஹெட்போனின் இடைவெளியோ எதை வெளியே விடுவது என்று தரம் பிரித்து விடுகிறது.

எப்படி? அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளும் கொஞ்சம் காற்று நிற்கிறது. காற்றுக்கும் நிறை உண்டு. அதை அசைக்க நேரம் வேண்டும். 41 ஹெர்ட்ஸில் சவ்வு ஒரு பக்கமாகவே 12 மில்லிநொடி தள்ளிக்கொண்டிருக்கிறது. இடைவெளியிலுள்ள காற்று சாவகாசமாக வெளியே நகர அது தாராளம். அழுத்தம் சேர்வதற்குள் வடிந்துவிடுகிறது. 2,000 ஹெர்ட்ஸில் தள்ளும் நேரம் கால் மில்லிநொடிதான். காற்று கிளம்பலாமா என்பதற்குள் சவ்வு திரும்ப இழுக்கத் தொடங்கிவிடும். கிளம்பாத காற்று, தானே அந்தச் சந்தை அடைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. ஆக ஒரே இடைவெளி பாஸுக்குத் திறந்த வாசல், ட்ரெபிளுக்கு மூடிய சுவர். மிருதங்கத்தின் வலந்தலை நாதம் துல்லியமாகக் கேட்கும். தொப்பியில் விழும் கும்கி மட்டும் காணாமல் போயிருக்கும். கசிவு பெரிதாக இருந்தால் பாஸ் 10 டெசிபலுக்கு மேல்கூடக் குறையலாம். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியாகத் தெரியும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பாஸ் விடாமல் ஓடும் ஒரு பாட்டைப் போட்டு, இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் இலேசாக அழுத்துங்கள். பாஸ் சட்டென்று பொங்கினால் எங்கோ கசிகிறது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். கடைக்காரர் காத்திருந்தாலும் பரவாயில்லை, நிதானமாகச் செய்யுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எல்லா எண்களையும்விட இந்த இரண்டு நிமிடம் அதிகம் சொல்லும்.

கசிவுக்குக் கண்ணாடி மட்டும் காரணமல்ல. காது மடலின் அடியில், தாடை எலும்பு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒல்லியான முகங்களில் அது ஆழமாக இருக்கும். குஷனின் கீழ் விளிம்பு அங்கே தலையைத் தொடாமலே நின்றுவிடும். அடர்த்தியான முடி, கிருதா, காதை மூடிய துணி எல்லாமே சந்து விடும். ஜிமிக்கி போட்டிருந்தால் அதன் மணி குஷனுக்கு அடியில் மாட்டும். தோட்டின் திருகாணியை மறந்துவிடாதீர்கள். மடலுக்குப் பின்னால் துருத்தி நிற்கும் அதன் முனையை ஹெட்போன் மடலோடு சேர்த்து அழுத்தும்போது, முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு குத்த ஆரம்பித்து ஹெட்போனைக் கழற்றினால்தான் நிற்கும்.

சவ்வின் பின்பக்கமும் காற்றை அசைக்கிறது. ஓப்பன்-பேக் வகையில் அந்த ஒலி வலை வழியாக வெளியே போகிறது. அறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பாட்டு கேட்கும். குளோஸ்டு-பேக்கில் அது கிண்ணத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி, மெல்லிய சவ்வையும் ஊடுருவிக் காதுக்கு வந்து சேர்கிறது. ‘டப்பா சத்தம்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நல்ல ஹெட்போனின் கிண்ணத்துக்குள் நுரையும் கம்பளித் துணியும் திணித்திருப்பார்கள். எங்கே எவ்வளவு என்பதுதான் வடிவமைப்பாளரின் கைத்திறன். வெளியே ஊசித்துளை போன்ற ஓட்டை தெரிந்தால் பழுது என்று நினைத்து டேப் ஒட்டிவிடாதீர்கள். அது கணக்குப் போட்டு வைத்த துளை. விசாலமாகக் கேட்கும் அனுபவத்தில் ஓப்பன்-பேக்கை மிஞ்ச முடியாதுதான். ஆனால் பக்கத்து அறையில் டிவி ஓடும் வீட்டுக்கும், மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பாடுகிறவருக்கும் குளோஸ்டு-பேக்தான் சரி.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் கையால் செய்த ஹெட்போனை 1910இல் அமெரிக்கக் கடற்படை வாங்கியது. ஜெர்மனியின் பேயர் (இன்றைய பேயர்டைனமிக்) நிறுவனம் 1937இல் டிடி 48 என்ற டைனமிக் ஹெட்போனைக் கொண்டுவந்தது. 1958இல் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனை வீட்டுக்கான பொருளாக்கினார். 1968இல் சென்ஹைசரின் ஹெச்டி 414 ஓப்பன்-பேக்காக வந்த பிறகுதான் மற்றதை ‘குளோஸ்டு’ என்று பிரித்துச் சொல்லும் தேவையே வந்தது. 1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506 இன்றும் ஒலிப்பதிவுக் கூடங்களில் தொங்குகிறது.

இனி விளம்பர வாசகங்கள். ‘5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று பெட்டியில் போட்டிருந்தால் அதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை. மனிதக் காது கேட்பதே 20 முதல் 20,000 வரைதான். வயதாக ஆக மேல்முனை இன்னும் கீழே இறங்கும். அந்த எல்லைக்குள் எந்த ஒலி எத்தனை டெசிபல் ஏறுகிறது, இறங்குகிறது என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ‘50 மில்லிமீட்டர் டிரைவர், அதனால் பாஸ் அதிகம்’ என்பதும் அப்படியே: குஷன் கசிந்தால் 50இலும் பாஸ் இராது. ‘நூறு மணி நேரம் ஓடவிட்டால் சத்தம் பழுக்கும்’ என்பார்கள். உண்மையில் அதற்குள் குஷன் இளகி உங்கள் தலைக்குப் படிந்திருக்கும், உங்கள் காதும் அந்த ஒலிக்குப் பழகியிருக்கும். விலைக்கும் இதே கதைதான். யெரூன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களையும் இயர்போன்களையும் அளந்து 2017இல் முடிவை வெளியிட்டார். எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக ஒலிக்கிறது என்ற அளவுக்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை.

ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் 2013 முதல் வெளியிட்ட ஆய்வுகளை நான் மதிக்கிறேன். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதுபோல, பாஸ் சற்றே தூக்கலாக இருக்கும் ஹெட்போனையே பெரும்பாலானோர் விரும்புகிறார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். அந்த விருப்பத்தை இலக்காக வைத்து வரைந்த அதிர்வெண் வரைபடங்களை இப்போது விமர்சனங்களில் பார்க்கிறோம். பயனுள்ளவைதான். ஆனால் அவற்றை அளப்பது பொம்மைத் தலையில். அந்தத் தலைக்கு முடி கிடையாது, கண்ணாடி கிடையாது, தாடை அசையாது. வரைபடத்தின் இடது ஓரத்தில் தெரியும் அழகான பாஸ் உங்கள் தலையிலும் கிடைக்குமா என்பதை உங்கள் தலைதான் சொல்ல வேண்டும்.

பலரும் சத்தத்தை ஒரு கேள்வியாகவும் சுகத்தை இன்னொரு கேள்வியாகவும் வைத்து யோசிக்கிறார்கள். இரண்டுக்கும் விடை குஷனில்தான் இருக்கிறது. கசிவை அடைக்கச் சுலப வழி, ஹெட்பேண்டை இறுக்கமாகச் செய்வது. குஷன் தட்டையாக, கெட்டியாக இருந்தால் அந்த விசை முழுவதும் கண்ணாடிக் காம்பின் மெல்லிய கோட்டின் மேல் இறங்கும். வாசகரின் நெற்றிப்பொட்டு வலி அதுதான். மெதுவாக அமுங்கும் மெமரி ஃபோம் வகை, காம்பை உள்வாங்கிக்கொண்டு அதன் இரு பக்கமும் தலையில் படியும். அழுத்தம் பரவலாகிறது, சந்தும் அடைபடுகிறது. எனவே கண்ணாடிக்காரர்கள் தேட வேண்டியது தடித்த, மிருதுவான குஷனும் மிதமான பிடியும். கண்ணாடியை மாற்றும்போது தடித்த பிளாஸ்டிக் காம்புக்குப் பதில் மெல்லிய உலோகக் காம்பு எடுத்தால் இன்னும் நல்லது.

குஷனின் குழியையும் பாருங்கள். காது மடலின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். அது முழுதாக உள்ளே போக வேண்டும். ஆழம் போதாவிட்டால் மடலின் நுனி டிரைவரை மூடிய துணியில் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் எரிச்சல் வரும். எடை 230 முதல் 290 கிராமுக்குள் இருந்தால் பெரும்பாலான தலைகள் தாங்கும். கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கி, வீட்டில் ஒரு முழுப் படம் பார்த்துவிடுங்கள்.

நம் வெயிலுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. செயற்கைத் தோல் உறை காற்றை விடாததால் நன்றாக அடைக்கிறது; அதனாலேயே உள்ளே வியர்க்கிறது. பாலியூரித்தேன் உறைகள் பலவற்றில் ஈரம் மூலக்கூறுப் பிணைப்புகளையே மெல்ல அறுக்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓரிரு ஆண்டுகளில் உறை கறுப்புச் செதில்களாக உரிந்து கன்னத்தில் ஒட்டுவது இதனால்தான். உரிந்த உறை கசியும், பாஸ் குறையும். வெல்வெட் போன்ற துணி உறை வியர்வைக்கு இதம், ஆனால் கொஞ்சம் காற்றைக் கசியவிடும். பேயர்டைனமிக்கின் டிடி 770 புரோ, துணிக்குஷனைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்து வடிவமைத்தது. அதனால் அதில் பாஸ் குறைவதில்லை. கண்ணாடி போட்டவர்களை முதலில் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். செல்போனில் நேரடியாகக் கேட்கிறவர்கள் 250 ஓம் வகையைத் தவிர்க்கலாம். அதற்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். தோல் குஷனுக்கென்று செய்த ஹெட்போனில் துணிக்குஷன் மாட்டினால் ஒலியே மாறிவிடும். மாற்றுக் குஷன் இந்தியாவில் கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே விசாரியுங்கள். கிடைக்காத மாடலை, எவ்வளவு நன்றாக ஒலித்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இரைச்சல் நீக்கும் வகைகள் பலவற்றில் கிண்ணத்துக்குள் ஒரு மைக் இருக்கிறது. பாஸ் குறைந்தால் அதைக் கண்டு மின்சுற்று ஈடுகட்டும். கண்ணாடிக்காரர்களுக்கு இது உண்மையான உதவி. இங்கே விளம்பரம் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பாஸ் கசிவதால் வால்யூமைக் கூட்டும் பழக்கம்தான் எனக்குக் கவலை. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபலில் 4 மணி நேரம்தான். நன்றாகப் படிந்த குளோஸ்டு-பேக் பேருந்தின் தகடுச் சடசடப்பையும் ஹாரனையும் பெருமளவு தடுத்துவிடும். என்ஜினின் உறுமல் மட்டும் உள்ளே வரும். வீட்டில் வைத்த வால்யூமையே ஒன்றிரண்டு புள்ளி கூட்டிப் பேருந்திலும் கேட்க முடிந்தால் குஷன் தன் வேலையைச் செய்கிறது. ஆறேழு புள்ளி ஏற்ற வேண்டியிருந்தால், முதலில் காதுக்குப் பின்னால் விரலை விட்டுச் சந்து எங்கே என்று தடவிப் பாருங்கள்.