மாண்டலின் சீனிவாஸ்

பழந்தமிழர் போற்றிய யாழ் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆயிற்று. மேனாட்டு வயலினோ சற்றேறக்குறைய இருநூறு ஆண்டுகட்கு முன் இங்கு வந்து, முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் போன்றாரால் நமக்கே உரியதாயிற்று. இன்று அஃதின்றி நிகழும் இசையரங்கைக் காண்டல் அரிது. அவ்வாறே வெளிநாட்டினின்று வந்த மற்றொரு கருவி மாண்டலின். அதனைக் கருநாடக இசைமேடையில் தலைமைக் கருவியாக அமர்த்தியவர் ஒரு சிறுவர் என்றால் வியப்பன்றோ?

உப்பலப்பு சீனிவாஸ் 1969 பிப்ரவரி 28ஆம் நாள் ஆந்திர நாட்டுப் பாலகொல்லு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சத்தியநாராயணா ஓர் இசைவாணர். அவரது மாண்டலினை ஆறாம் அகவையிலேயே மகன் எடுத்து மீட்டத் தொடங்கினார். நாட்டமறிந்த தந்தையார், தம் ஆசிரியரும் செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணாக்கருமாகிய ருத்ரராஜு சுப்பராஜுவிடம் அவரை ஒப்படைத்தார். ஆசிரியருக்கோ மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் வாயாற் பாடுவார். பாடியதைத் தந்தியில் எங்கே, எவ்வாறு எழுப்புவது என்பதை மாணாக்கரே தேடிக் காணல் வேண்டும். விரற்பழக்கம் கற்பிப்பார் ஒருவரும் இல்லாமையே நன்மையாயிற்று என்று எமக்குத் தோன்றுகிறது. வாய்ப்பாட்டின் குழைவு நேரே விரலில் இறங்கிற்று.

எனினும் கருவி எளிதில் இணங்கவில்லை. மாண்டலினில் இரண்டிரண்டாக எட்டுத் தந்திகள் உண்டு. மீட்டிய ஒலி விரைவில் அடங்கிவிடும். நம் இசையிலோ சுரங்கள் அசைந்தும் வளைந்தும் ஒன்றினின்று மற்றொன்றிற்கு வழுக்கியும் செல்லுதல் வேண்டும். இதுவே கமகம். இரட்டைத் தந்திகளை ஒருசேர இழுத்து வளைத்தல் அரிது. சிறிது பிசகினும் சுருதி கெடும். ஆகவே சீனிவாஸ் இரட்டைகளை நீக்கி, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின்மாண்டலினைக் கையாண்டார். ஒலி நீண்டது, நீண்ட ஒலியை வளைக்க இடமும் கிடைத்தது.

1981இல் சென்னை இசைவிழாவில் அவர் வாசித்தபோது அகவை பன்னிரண்டு. இக்கருவியிற் கமகம் பேசுமா என்று ஐயுற்றோர் இருந்தனர். வாசிப்பே அவர்களுக்கு விடையாயிற்று. 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவிலும் வாசித்தார். 1998இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பின்னர் 'ரிமெம்பர் சக்தி' என்னும் குழுவில், ஆங்கிலேய கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுடன் இணைந்தார். மெக்லாஃப்லின் இளமையில் 'புளூஸ்' கேட்டு வளர்ந்தவர். புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரிலிருந்து பிறந்த இசை. அதன் கிதார்க் கலைஞர் தந்தியை விரலாற் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை அழவைப்பர். அவ்வளைவு போதாதென்று, மெக்லாஃப்லின் 1970களிலேயே தம் கிதாரின் மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைவித்துக்கொண்டார், வீணையும் பயின்றார். கிதாரை வீணைக்கு நெருக்கிய ஒருவரும், மாண்டலினைக் குரலுக்கு நெருக்கிய ஒருவரும் ஒரே மேடையில் அமர்ந்து, ஒருவர் எழுப்பிய வளைவை மற்றவர் வாங்கித் திருப்பிக் கொடுத்தனர்.

2014 செப்டம்பர் 19ஆம் நாள், தம் நாற்பத்தைந்தாம் அகவையில், கல்லீரல் நோயுற்றுச் சென்னையிற் சீனிவாஸ் மறைந்தார். அவருடன் பல மேடைகளில் அமர்ந்து வாசித்த தம்பி ராஜேஷின் கையிலும் இருப்பது மாண்டலினே.