கடலின் கீழே ஓர் எல்லைப் பயணம்

தமையன் இலண்டனில், தங்கை பாரிஸில். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய் இருவருக்கும் நடுவில். இன்று நம்மவர் குடும்பங்கள் பலவற்றின் நிலைமை இதுவே. இவ்விரு மாநகரங்களுக்கும் இடையே ஆங்கிலக் கால்வாய் கிடக்கின்றது. அதன் அடியிலே குடைந்த சுரங்கத்தின் வழியே ஓடும் ‘யூரோஸ்டார்’ என்னும் அதிவேகப் புகையிரதம், இரண்டேகால் மணி நேரமளவில் தாயை மகளிடம் சேர்த்துவிடுகின்றது. (புகையிரதம் என்பது நம் நாட்டு வழக்குப் பற்றிய பெயரே, மின்சாரத்தால் ஓடும் இவ்வண்டியில் புகையேது!) தூரமோ ஏறக்குறைய 490 கிலோமீற்றர், கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்வதிலும் அதிகம்.

இச்சுரங்கம் நேற்று முளைத்த எண்ணமன்று. 1802ஆம் ஆண்டிலேயே அல்பேர் மத்தியூ என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர், குதிரை வண்டிகள் செல்லத்தக்க சுரங்கமொன்றுக்குத் திட்டம் வரைந்தார். 1880ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இரு கரைகளிலும் தோண்டவும் தொடங்கினர். அம்முயற்சியை நிறுத்தியது பாறையுமன்று, நீருமன்று, அச்சம். இவ்வழியாகப் பகைவர் படை நுழைந்துவிடுமே என ஆங்கிலேயத் தளபதிகள் எதிர்த்தனர். பின்னர் ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1986இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. 1990 டிசம்பர் 1ஆந் திகதி இருபுறத்துத் தொழிலாளரும் கடலடியிலே ஒருவர் கையை மற்றவர் பற்றிக் குலுக்கினர். 1994 மே 6ஆந் திகதி இரண்டாம் எலிசபெத் மகாராணியாரும் பிரெஞ்சுச் சனாதிபதி மித்தெரானும் சுரங்கத்தைத் திறந்துவைத்தனர். அதன் நீளம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர்; அதில் 38 கிலோமீற்றர் கடலின் கீழே உள்ளது.

படைக்கு அஞ்சிய காலம் போயிற்று. எனினும், யார் நுழைகிறார் என்னும் கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை. முதன்முறை செல்பவர், எல்லை நடுக்கடலில் எங்கோ வரும் என்றும், அங்கே வண்டி நின்று சோதனை நடக்கும் என்றும் எண்ணுவதுண்டு. உண்மை வேறு. இலண்டன் சென்ற் பாங்கிராஸ் நிலையத்திற்குள்ளேயே, வண்டியில் ஏறுமுன்னரே, பிரெஞ்சு எல்லைக் காவலர் அமர்ந்திருக்கின்றனர். பிரித்தானிய மண்ணிலே பிரான்சின் வாயில்! அவ்வாறே பாரிஸின் கார் து நோர் நிலையத்திலே பிரித்தானிய உத்தியோகத்தர் இருக்கின்றனர். இரு அரசுகளும் உடன்பட்டுச் செய்துகொண்ட ஏற்பாடு இது.

நம் குடும்பங்கள் இவ்விடத்தில்தான் விழிப்பாயிருத்தல் வேண்டும். மகன் பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையவனாயின், குறுகிய காலப் பயணத்துக்கு அவனுக்கு விசா வேண்டியதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுடன் வந்த தாய்க்கோ, பிரித்தானிய விசா எத்துணை நீண்டதாயிருப்பினும் பயனில்லை. ஷெங்கன் விசா தனியே பெற்றிருத்தல் வேண்டும். இல்லையேல் மகன் அப்பால் செல்லலாம். தாய் இப்பால் நிற்க நேரும். மீண்டும் இலண்டனுக்குள் வரும்போது பிரித்தானிய விசா செல்லுபடியாகுமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நன்று. 2025 அக்டோபர் முதல், ஷெங்கன் நாட்டினர் அல்லாதாரின் விரலடையாளத்தையும் முகப்படத்தையும் பதிவுசெய்யும் முறையும் படிப்படியாகப் புகுத்தப்பட்டுள்ளது. ஆகவே நேரத்தோடு நிலையம் சேர்வதே அறிவுடைமை.

நான் சென்ற வண்டியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் எதிரே அமர்ந்திருந்தார். கடவுச்சீட்டை விசாப் பக்கத்திலேயே விரல் வைத்துப் பிடித்திருந்தார். வண்டி மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. கென்ற் மாநிலத்தின் பசும்புல் வெளிகள் பின்னோக்கி ஓடின. அரைமணி நேரமளவில் யன்னல் இருண்டது. சுரங்கத்தினுள் வேகம் 160 கிலோமீற்றர்தான். இருப்பினும் கடக்க ஏறக்குறைய இருபது நிமிடங்களே ஆகும். மேலே கப்பல்கள் செல்கின்றன என்பதை நினைவூட்ட ஓர் அலையோசைகூட இல்லை.

“எல்லை எப்ப தம்பி வரும்?” என்று அம்மையார் கேட்டார்.

“அது லண்டனிலேயே முடிஞ்சுது அம்மா. இனி ஒருத்தரும் கேக்க மாட்டினம்” என்றேன்.

அவர் நம்பவில்லை போலும். கடவுச்சீட்டு கைப்பைக்குள் போகவேயில்லை.

வெளிச்சம் திரும்பியபோது நாம் பிரான்சில் இருந்தோம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளிக்கொண்டோம். (திரும்பும் வழியில் அந்த ஒரு மணி நேரம் மீளக் கிடைத்துவிடுகிறது, பாரிஸிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் இலண்டன் வந்துவிட்டதாகக் கடிகாரம் சொல்லும்.) வடபிரான்சின் சமவெளி அமைதியாகக் கிடந்தது. முதலாம் உலகப் போரில் இலட்சக்கணக்கானோர் சில மைல் நிலத்திற்காக மடிந்த பிரதேசம் அது. அந்த மைல்களை வண்டி கடந்துசெல்லச் சில நிமிடங்களே பிடித்தன.

கார் து நோரில் இறங்கியவர்கள் நேரே வெளியே நடந்தனர். அம்மையார் மட்டும் உத்தியோகத்தரைத் தேடுபவர் போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். தடுப்புக்கு அப்பால் நின்ற மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டபோதுதான் கடவுச்சீட்டு பைக்குள் போயிற்று.

அந்நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் லாச்சப்பல். தமிழ்ப் பெயர்ப்பலகை தாங்கிய கடைகள் வீதியின் இருமருங்கும் நிற்கின்றன. புடைவைக் கடை, நகைக் கடை, மரக்கறிக் கடை எல்லாம் உண்டு. “முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு போவம் அம்மா” என்று மகள் சொல்ல, இருவரும் அத்திசையில் நடந்தனர்.