மினிக்காய்த் தீவின் கலங்கரை விளக்கம்

கொச்சிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில், இலட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் மினிக்காய் கிடக்கின்றது. பவளத்தால் ஆன இத்தீவின் நிலம் கடல்மட்டத்தினின்று இரண்டொரு மீட்டரே உயர்ந்தது. பகலில் தென்னைகளின் தலைகளேனும் தென்படும். இரவில் அதுவும் இல்லை. 1862ஆம் ஆண்டில் பி. அண்டு ஓ. கம்பெனியின் 'கொழும்பு' என்னும் நீராவிக் கப்பல் இங்கு மோதி அழிந்தது.

சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டதும், ஏடனிலிருந்து கொழும்புக்குச் செல்லும் கப்பல்கள் இத்தீவின் அருகே பெருகின. 1885இல் விளக்கு ஏற்றப்பட்டது. கோபுரத்தின் உயரம் சுமார் 47 மீட்டர். இவ்வளவு உயரம் எதற்கு? மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 47 மீட்டருக்கு இது 24.5 ஆகும். கப்பலில் 9 மீட்டர் உயரத்தில் நிற்கும் மாலுமிக்குரிய 10.7ஐயும் கூட்டினால், விளக்கு சுமார் 35 கிலோமீட்டருக்கு அப்பாலேயே தோன்றும். காற்றில் ஒளி சிறிது வளைவதால் இத்தூரம் இன்னும் சற்று மிகும். கடலுக்கு வெகு தொலைவிலுள்ள சாமராஜநகர்ப் பள்ளியிலும் இக்கணக்கைக் கரும்பலகையில் விளக்குதல் எளிது.

உயரத்தை அமைப்பது ஒருமுறை செய்யும் வேலை; ஒளியைக் காப்பதோ இரவுதோறும் செய்ய வேண்டியது. மின்சாரம் வருமுன், சுழல் விளக்குகளின் வில்லைகளைக் கீழே இறங்கும் எடைக்கட்டிகளே சுழற்றின. எடை அடியை எட்டுமுன் காவலர் அதனைச் சாவி கொடுத்து மேலேற்ற வேண்டும். அவர் கண்ணயர்ந்தால் சுழற்சி தளரும். மின்னல்களின் இடைவெளி மாறும். அந்த இடைவெளியைக் கொண்டே விளக்கின் பெயரை அறியும் மாலுமி, இது வேறொரு விளக்கென மயங்குவார். விளக்கு அணைவதைக் காட்டிலும் பொய் சொல்வது ஆபத்தானதன்றோ! பகலிலும் ஓய்வில்லை. கண்ணாடியிற் படிந்த கரியைத் துடைக்க வேண்டும். விளக்கறைக்குத் திரையிட வேண்டும். இல்லையேல் வெயில் வில்லையினூடே குவிந்து, உள்ளிருக்கும் பொருள்களைத் தீப்பற்றச் செய்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் கடல் கொந்தளிக்க, படகுப் போக்குவரத்து அருகிவிடும். காவலரோ பணியை விட்டு நீங்க இயலாது.

இத்தீவு இந்தியாவைச் சேர்ந்ததாயினும், இதன் விளக்கை நெடுங்காலம் நடத்தியது கொழும்பிலிருந்து இயங்கிய பிரிட்டிஷ் கலங்கரை விளக்கப் பணித்துறையேயாகும். சுதந்திரத்துக்குப் பின்னும் இந்நிலை நீடித்து, 1956இல்தான் விளக்கு இந்திய அரசின் வசம் வந்தது. செயற்கைக்கோள் வழிகாட்டும் இந்நாளிலும் அவ்விளக்கு எரிகின்றது.