இறக்கை மேல் காற்று ஏன் கலங்குகிறது?

பாபநாசம் வயல்வெளியில் நிறைந்தோடும் வாய்க்காலைப் பாருங்கள். நடுவில் விரையும் நீர் கரையோரம் தயங்கும். விமான இறக்கையிலும் இதே கதைதான். பரப்பைத் தொடும் காற்று அதோடு ஒட்டி நின்றுவிடும்; விலக விலக வேகம் கூடும். இந்த மெல்லிய அடுக்கை 1904இல் லுட்விக் பிராண்டில் விளக்கினார். பெயர், எல்லைப் படலம்.

முன்விளிம்பருகே படலம் ஒழுங்காக ஓடும். சிறு அதிர்வுகள் வளர்ந்ததும் கொந்தளிக்கும். உராய்வு கூடி எரிபொருளைத் தின்னும். (ஸ்விங் பந்துவீச்சாளருக்கோ இந்தக் கொந்தளிப்பே வேண்டும், பந்தின் தையல் அதைக் கிளப்பிவிடுகிறது.) இந்த மாற்றம் ஒரே கோட்டில் நிகழாது, திட்டுத் திட்டாகத் தோன்றிப் பரவும். அதைக் கணக்கில் வடித்துக் கட்டுரையாக 1958இல் வெளியிட்டவர்கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சதீஷ் தவானும் ரொத்தம் நரசிம்மாவும். தவான் பின்னாளில் இஸ்ரோ தலைவர்.

கொந்தளிப்பைத் தள்ளிப்போடுவது எப்படி? இறக்கையின் தடித்த பகுதியைப் பின்னுக்கு நகர்த்தினால், காற்று நெடுந்தூரம் வேகம் கூடிக்கொண்டே போகும்; அதிர்வுகள் எளிதில் வளரா. அல்லது நுண்துளைகள் வழியே மந்தமான அடிக்காற்றை உறிஞ்சலாம். 1990இல் போயிங் 757 ஒன்றில் பறந்து சோதித்தார்கள், பலித்தது. ஆனால் முன்விளிம்பில் பூச்சி ஒன்று அடிபட்டு ஒட்டினாலே போதும், அதன் பின்னால் படலம் கலங்கிவிடும்.