பணிக்கேற்ற விளக்கு

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியை அடுத்துள்ள வலியசாலை, காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்து தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதியாகும். இத்தகைய அக்கிரகாரங்களின் பழைய வீடுகள் பக்கச் சுவர்கள் ஒட்டியவாறு கட்டப்பெற்றவை. ஆதலின் உள்ளறைகளுக்கு ஒளி, முற்றத்தின் வழியாகவோ ஓட்டுக் கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாகவோதான் வரவேண்டும். இரு பருவமழைகளும் பெய்யும் இந்நகரில் மேகம் கவிந்த நாட்கள் பல. 1929ஆம் ஆண்டில் நகருக்கு மின்சாரம் வந்தது. ஆயினும் அறையின் நடுவே ஒரு விளக்கைத் தொங்கவிடும் வழக்கமே பெரும்பாலும் நிலைத்தது.

அத்தகைய உள்ளறை ஒன்றில் பொற்கொல்லர் ஒருவர் பட்டறை அமைக்கிறார் எனக் கொள்க. 900 லூமன் ஒளி தரும் 9 வாட் எல்.ஈ.டி. விளக்கு பலகைக்கு நேர்மேலே 1.5 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒளி எத்திசையும் சமமாகப் பரவுமாயின், பலகையில் நேராக விழும் ஒளி ஏறக்குறைய 32 லக்ஸ் மட்டுமே. நகைத் தொழிலுக்கு ஐரோப்பிய நியமம் கூறும் அளவோ 1,000 லக்ஸ். மணிக்கற்களைக் கையாள 1,500. வகுப்பறைக்கு இந்திய நியமம் கூறுவதே 300 லக்ஸ் அளவாகும். அதே விளக்கை அரை மீட்டர் உயரத்திற்கு இறக்கினால், தூரம் மூன்றில் ஒன்றாகக் குறைய, ஒளி ஒன்பது மடங்காகி 290 லக்ஸை நெருங்கும். வெண்பூச்சுள்ள மூடி ஒன்றைக் கவிழ்த்தால், மேலே வீணாகும் ஒளியும் கீழே திரும்பும். அதிக வாட் உள்ள விளக்கை வாங்குமுன் செய்யவேண்டியது இதுவே.

இக்குறையைக் கண் தானாக உணர்வதில்லை. நண்பகல் வெயிலின் 1,00,000 லக்ஸுக்கும் உள்ளறையின் 30 லக்ஸுக்கும் அது தன்னை இசைவித்துக் கொள்கிறது. அன்றியும், அறுபது வயதினரின் விழித்திரைக்கு எட்டும் ஒளி, இருபது வயதினருக்கு எட்டுவதில் மூன்றிலொரு பங்கே எனக் கணக்கிட்டுள்ளனர். இளைஞன் போதுமென்று சொல்லும் விளக்கில் முதிய தொழிலாளி பணி செய்யும்போது, பிழை கையில் தோன்றினாலும் காரணம் விளக்கில் இருக்கக்கூடும்.

இறக்கிய விளக்கு கண்ணில் நேராகப் படலாகாது. வலக்கையால் வேலை செய்வோருக்கு அது இடப்புறத்தில் இருந்தால் கையின் நிழல் வேலைமீது விழாது. மெருகிட்ட பொன் கண்ணாடிபோல் விளக்கைத் திருப்பிக் காட்டுமாதலால், பால்நிறத் திரையிட்ட பரந்த ஒளியே அதற்கு ஏற்றது. கீறலையும் வெடிப்பையும் கண்டறியவோ சாய்வாக விழும் ஒளி வேண்டும். பொடி வைத்து ஊதும்போது நிலைமை முற்றும் மாறுகிறது. உலோகம் செஞ்சூடு அடைவதை நிறத்தால் அறியவேண்டியிருப்பதால், அப்போது மேசை விளக்கை அணைத்துவிடுவதே நலம். அனுபவமுள்ளோர் இதை நூல் படிக்காமலே செய்கின்றனர். மணிக்கற்களின் நிறத்தைத் தேர, நிறங்காட்டும் திறன் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாத விளக்கு தேவை. மஞ்சள் சோடிய விளக்கின்கீழ் சிவப்புக்கல் கறுத்துத் தோன்றும்.

கடைசல் பட்டறையில் பிறிதோர் அபாயம் உண்டு. 50 சுழற்சி மாறுமின்னோட்டத்தில், பழைய சோக் பொருத்திய குழல் விளக்கும் மலிவான சில எல்.ஈ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. நிமிடத்திற்கு 1,500 சுற்று சுழலும் நான்கு தாடைச் சக், ஒவ்வொரு துடிப்புக்கும் சரியாகக் கால்சுற்றுத் திரும்புகிறது. ஒரு தாடை இருந்த இடத்திற்கு அடுத்த தாடை வந்துவிடுவதால், ஓடும் இயந்திரம் நின்றிருப்பதுபோல் தோன்றும். அதை நம்பிக் கை நீட்டுவோர் விரல்களை இழக்க நேரும். துடிப்பற்ற மின்னணுச் சுற்றமைந்த விளக்கை இயந்திரத்தின் அருகே பொருத்துவதும், அறையின் விளக்குகளை மூன்று மின்கட்டங்களுக்கும் பிரித்து இணைப்பதும் இதற்குப் பரிகாரம்.

தொட்டி, குழி, குழாய் முதலிய குறுகிய இடங்களில் இறங்குவோருக்கு வெளிச்சத்தைவிட மின்னழுத்தமே முதற் கேள்வி. 2025 வரை நடப்பிலிருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஏ பிரிவு, தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாவிடில், அங்கே 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைத் தடுத்தது. எரிவாயு இருக்கக்கூடுமாயின் தீப்பொறி வெளிவராக் காப்புள்ள விளக்கன்றிப் பிறிதொன்றையும் அது அனுமதிக்கவில்லை.

இரு விளக்குகளை ஒப்பிட விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வெள்ளைத் தாளின் நடுவே ஒரு துளி தேங்காயெண்ணெய் இட்டு, இருண்ட அறையில் இரு விளக்குகளுக்கும் இடையே அதைச் செங்குத்தாக நிறுத்தி, முன்பின் நகர்த்துக. இருபுறமும் ஒளி சமமாகும் இடத்தில் எண்ணெய்ப் புள்ளி ஏறக்குறைய மறைந்துவிடும். அப்போது ஒரு விளக்கு ஒரு மீட்டரிலும் மற்றொன்று இரண்டு மீட்டரிலும் இருக்குமாயின், தொலைவிலுள்ளது அத்திசையில் நான்கு மடங்கு வலியது. வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பிக் கணக்கைக் குலைக்குமாதலின், விளக்குகளின் பின்னே வகுப்பின் கரும்பலகையையோ கறுப்புத் துணியையோ நிறுத்துதல் வேண்டும்.