தும்பிகளும் குளக்கரைக் கோரையும்

சென்ற ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் ஊர்க் குளக்கரையில் நாள்தோறும் தும்பிகளை நோக்கி வந்தேன். அமரும்போது சிறகை விரித்து வைப்பது தட்டான். மெலிந்த உடலோடு, பெரும்பாலும் சிறகை மடித்துக்கொள்வது ஊசித்தட்டான்.

இரண்டும் இளமையை நீரிலேயே கழிக்கின்றன. மடங்கிய கீழுதட்டை நொடியில் நீட்டிக் கொசுப்புழுக்களைப் பற்றித் தின்னும். வளர்ந்தபின் கோரைத்தண்டில் ஏறித் தோலுரித்துச் சிறகு பெறும். ஊசித்தட்டான் முட்டையிடுவதும் நீர்ச்செடியின் தண்டைக் கீறித்தான்.

விடியற்காலையில் அவை கழற்றிய தோல்களை எண்ணினேன். கோரை அடர்ந்த தென்கரையில் பல இருந்தன. கோரை களைந்து சுவர் எழுப்பிய வடகரையிலோ மிகச் சில.

குளத்தைத் துப்புரவு செய்யத்தான் வேண்டும். ஆயினும் கோரையை அடியோடு அழித்தால், கொசுவின் பகைவனையும் உடன் அழித்தவராவோம். கரையோரம் சிறிதேனும் விட்டு வைப்போமாக.